சேர்ந்து வீடியோ செய்ய ஓர் எழுத்து ஒப்பந்தம்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

மலையகத்தில் வீடியோ செய்பவர்கள் ஆளுக்காள் கைகொடுத்துத்தான் வளர்கிறோம். கொட்டகலையில் ஒருவரிடம் நல்ல கமரா இருக்கும். பதுளைப் பக்கம் ஒருவருக்குச் சமையல் கைவந்த கலை. ஹட்டனில் ஒருவர் எடிட்டிங்கில் கெட்டிக்காரர். மூவரும் சேர்ந்து ஒன்று போட்டால் மூன்று சனலுக்கும் ஆள் வரும். இப்படிச் சேரும்போது கையெழுத்து வாங்கும் பழக்கத்தை 2021 இல் எங்கள் சனலில் தொடங்கினோம். தமிழில் இரண்டு பக்கம். சிங்கள நண்பர்களோடு வேலை செய்தால் சிங்களப் பிரதியும் சேரும். இவ்வளவு காலம் பாவித்ததில் எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று இங்கே சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "நமக்குள்ள எதுக்கு அக்கா பேப்பர்?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. இலங்கையில் ஒப்பந்தங்களை ஆளும் ரோமன் டச்சுச் சட்டத்தில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. ஆனால் வழக்குப் போடுவதற்கான கால எல்லையைச் சொல்லும் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்தில் உள்ளதற்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம். அதைவிடப் பெரிய விஷயம், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு படைப்பின் பொருளாதார உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில், இரு தரப்பின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது அது. "நீயே போட்டுக்கோ" என்று ஃபோனில் சொன்னதை வைத்துப் பின்னால் உரிமை கொண்டாடுவது கடினம். கையெழுத்துக்காக ராகலையிலிருந்து பஸ் ஏறி வரவும் தேவையில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னணுக் கையெழுத்தை ஏற்றுக்கொள்கிறது.

இரண்டாவது பக்கம்தான் என் மனசுக்கு நெருக்கமானது. அதில் இருப்பது சம்மதம் பற்றிய பகுதி. அதற்கான யோசனை வந்த இடத்தைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: வெளிநாடுகளில் வயது வந்தோருக்கான காணொளி செய்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்கள். ஒன்லிஃபேன்ஸ் போன்ற தளங்களில் இன்னொருவர் உங்களோடு தோன்றினால் அவர் யார், என்ன வயது என்பதும், அவருடைய சம்மதமும் ஆவணமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1988 இலிருந்தே வயதுப் பதிவு வைத்திருப்பது சட்டக் கடமை. 2021 ஒக்டோபரிலிருந்து மாஸ்டர்கார்ட் நிறுவனமும், காட்சியில் உள்ள ஒவ்வொருவரின் வயதும் அடையாளமும் சம்மதமும் ஆவணமாக இருக்கிறதா என்று, அட்டைப் பணத்தை வாங்கித் தரும் வங்கிகளை இத்தகைய தளங்களிடம் கேட்க வைத்தது. ஒருமுறை பரவிவிட்ட காட்சியைத் திரும்ப அள்ள முடியாது என்பதை அந்தத் தொழிலில் உள்ளவர்கள் மற்ற எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள். அதனால் படம் எடுக்கச் சம்மதம் வேறு, வெளியிடச் சம்மதம் வேறு, வெட்டி இன்னோர் இடத்தில் போடச் சம்மதம் வேறு என்று பிரித்து எழுதுகிறார்கள். எதற்குத் தயார், எதற்குத் தயாரில்லை என்பதை கமரா ஓடுவதற்கு முன்பே பேசி முடிக்கிறார்கள். நடுவில் "போதும்" என்றால் நிறுத்த வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கும்.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் முகத்துக்கும் இதே மரியாதை வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவருடைய சிரிப்பு தேயிலை விளம்பரத்தில் போகிறது, கேலிப்படத்தில் போகிறது, ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. அதனால் மேற்சொன்ன மூன்று சம்மதங்களையும் மூன்று தனித்தனிக் கேள்விகளாகவே வைத்தோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் வாசித்துக் காட்டி, அவர்கள் சம்மதம் சொல்வதைப் பதிவு செய்கிறோம். முதல் கேள்விக்குச் சரி என்றவர்கள் மூன்றாவதற்கு வேண்டாம் என்பது அடிக்கடி நடக்கிறது. "சமையல் போடுங்க பிள்ள, லயத்து உள்பக்கம் வேணாம்" என்பார்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடு. மூன்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் இந்தப் பதில் வெளியே வந்திருக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த ஒப்பந்தங்களின் முறையை மட்டும். இலங்கையில் ஆபாசக் காட்சிகளைத் தயாரிப்பதும் விற்பதும் 1927 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். சட்டவிரோதமான நோக்கத்துக்கு எழுதிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம், பாதுகாப்பு" என்று யாராவது இளம் பிள்ளைகளை அழைத்தால், அந்தக் காகிதம் இங்கே பாதுகாப்பே கிடையாது.

வயதைச் சரிபார்ப்பது சுலபம். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த வருடம். பழைய அட்டையில் முதல் இரண்டு. 18 ஆகாதவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் எடுக்கமாட்டோம். அட்டையைப் படம் பிடித்து வைப்பதும் இல்லை, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். சிக்கல் பெயரில்தான். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் வேலைப் பதிவேட்டில்) ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று. அதனால் படிவத்தில் "வழங்கும் பெயர்" என்று ஒரு வரி சேர்த்தோம்.

பணப் பகுதியை எழுதும்போது அது சின்ன விஷயம் என்றுதான் எண்ணினோம். யூடியூப் சனல் உரிமையாளரின் கணக்குக்குத்தான் பணம் அனுப்பும், 100 டொலர் சேர்ந்த பிறகே அனுப்பும். மற்றவர்களுக்குப் பிரிப்பது நம் கையில். 2022 மார்ச்சில் டொலர் கிட்டத்தட்ட 200 ரூபாயிலிருந்து ஏறத் தொடங்கி மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. வீடியோ வெளிவந்த நாளின் விலையில் தருவதா, பணம் வந்த நாளின் விலையிலா? நல்ல சிநேகிதர்கள் இரண்டு பேர் இதற்காக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். இப்போது வரி இதுதான்: வங்கி வரவு வைத்த நாளில் கிடைத்த ரூபாய், அதில் பயணச் செலவும் வங்கிக் கட்டணமும் கழித்து மிச்சம். அதன்பிறகு பணத்துக்காகச் சண்டை வந்ததில்லை.

எங்களைக் காப்பாற்றியது பிரிவு பற்றிய பகுதி. சேரும்போதே பிரிவைப் பேசுவது அபசகுனம் என்று நம் ஆட்கள் நினைப்பார்கள். ஆனால் சேரும்போதுதான் எல்லோருக்கும் எல்லோர் மேலும் அன்பு இருக்கிறது, நியாயமாக எழுத அதைவிட நல்ல நேரம் இல்லை. எழுதியிருப்பது இவ்வளவுதான்: வெளிவந்த வீடியோ இருக்கும் இடத்திலேயே இருக்கும். புதிதாக யாரும் வெட்டிப் போடக்கூடாது. இரண்டு வருடத்துக்கு வருமானம் பழையபடி பிரியும். விளம்பரத்துக்குக் கொடுப்பதானால் இருவரும் எழுதித் தர வேண்டும். கடவுச்சொற்களை அன்றே மாற்ற வேண்டும்.

எங்களோடு சேர்ந்து செய்த ஒரு சனல் பிரிந்துபோன பிறகு, நாங்கள் எடுத்த கொழுந்துக் காட்சிகளை ஒரு சுற்றுலா விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டது. அதில் இருந்த இரண்டு பெண்கள் மூன்றாவது கேள்விக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள். கையெழுத்துப் பக்கத்தைப் படம் பிடித்து விளம்பரக்காரர்களுக்கு அனுப்பினோம். அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். வழக்கும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. நான் அந்த இரண்டு அக்காமாரிடம் போய்ச் சொன்னபோது, "அப்ப நாங்க சொன்னத எழுதித்தான் வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னை இன்றைக்கும் உலுக்குகிறது. தாங்கள் சொன்னதை யாரோ எழுதி வைப்பார்கள் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

குறைகளும் உண்டு. கூட்டாளி ஒருவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார், பங்குப் பணம் நின்றது. கையில் இருந்த காகிதத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. தொகை சிறியது, சட்டத்தரணிக்குக் கொடுப்பது அதைவிட அதிகம். இருவரும் ஊரில் இருந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே எழுதிய பக்கம் உதவுகிறது. யூடியூப் தளம் உரிமைத் தகராறுகளில் நடுவராக இருப்பதில்லை, இருவரும் உரிமை கோரினால் நம்மையே தீர்த்துக்கொள்ளச் சொல்லும். அப்புறம், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எங்கள் காகிதம் ஈடுசெய்யாது. அதைத் தனியாக வாங்க வேண்டும், கிடைக்காத இடங்களும் உண்டு.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, நாங்கள் முன்பு எடுத்த லயக் காட்சிகளை நிதி சேர்க்கும் சிலர் கேட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் மூன்றாவது சம்மதம் இல்லாத முகங்களைக் கொடுக்கவில்லை, போய்க் கேட்டோம். சிலர் சரி என்றார்கள். ஒரு தாய் வேண்டாம் என்றார், அவருடைய பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினோம்.

இந்த வருடம் நான்காவதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: முகத்தையோ குரலையோ செயற்கை நுண்ணறிவில் போட்டு வேறு ஒன்றைப் பேச வைக்கலாமா? இதுவரை கேட்ட ஒருவர்கூடச் சரி என்று சொல்லவில்லை. படிவம் வேண்டுபவர்கள் இரண்டாவது பக்கத்தை மட்டுமாவது எடுத்து, உங்கள் ஊர்ப் பேச்சில் மாற்றி எழுதி, கமராவைத் திறப்பதற்கு முன்பு வாசித்துக் காட்டுங்கள்.