ஆறு வருடம் ரயிலில் கேட்ட பெண்கள் தலைமைப் பேச்சுகள்: எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை

குரோம்பேட்டையில் ஏறி கிண்டியில் இறங்க எனக்கு இருபது நிமிஷம் ஆகும். அப்போது ஃபேஸ்புக்கின் தலைமை இயக்க அதிகாரியாக இருந்த ஷெரில் சாண்ட்பர்க், 2010-ல் டெட் (TED) என்ற உரை மேடையில் பேசியது பதினைந்து நிமிஷம்தான், பரங்கிமலை தாண்டுவதற்குள் முடிந்துவிடும். 2019 ஜூனில், பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில், லேடீஸ் கம்பார்ட்மென்டில் கம்பியைப் பிடித்து நின்றபடி அதைத்தான் முதலில் கேட்டேன். அன்றிலிருந்து, 2020-ல் ரயிலே ஓடாத மாதங்களை விட்டால், வாரத்துக்கு இரண்டு மூன்று பேச்சாவது கேட்டுவருகிறேன். சிலவற்றை ஐந்தாறு தடவை கேட்டிருப்பேன். பெண்கள் வேலையில் மேலே வருவது பற்றிய பேச்சுகள் நிஜமாகவே உதவுமா என்று தோழிகள் அடிக்கடி கேட்பதால், ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. கிண்டியில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் ஏற்றுமதி டாக்குமென்டேஷன். சுங்கத்துக்கான ஷிப்பிங் பில், பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) டிராஃப்ட், பார்ட்டிக்கு, அதாவது வாடிக்கையாளருக்கு மெயில், கப்பல் கம்பெனிக்கு (நாங்கள் லைன் என்போம்) மெயில், கட்-ஆஃப் என்னும் கடைசி நேரத்துக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. 2019-ல் நான் சீனியர் எக்ஸிக்யூட்டிவ். எனக்குப் பிறகு சேர்ந்த இரண்டு பேர் அதற்குள் டீம் லீடாகியிருந்தார்கள். இருவருமே ஆண்கள், நல்ல பையன்கள், அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் ஏன் அங்கே இல்லை என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

சாண்ட்பர்க் பேச்சில் ஒரு சம்பவம் வரும். அமெரிக்க அரசின் மூத்த அதிகாரி ஒருவர் ஃபேஸ்புக் அலுவலகத்துக்கு வருகிறார், அவரோடு வந்த இரண்டு பெண் அதிகாரிகள் மேஜைக்கு வராமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்கள், கூப்பிட்டும் வரவில்லை. எங்கள் மீட்டிங் அறையிலும் சுவரோரம் நான்கு நாற்காலி உண்டு. மாதாந்திர ரிவ்யூவில் டாக்குமென்டேஷன் பெண்கள் நாங்கள் நான்கு பேரும் அங்கேதான் உட்காருவோம். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. அடுத்த ரிவ்யூவில் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் மேஜையில் உட்கார்ந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்தபிறகு பேச என்னிடம் என்ன இருந்தது? அன்று ஒரு மணி நேரமும் நான் வாயே திறக்கவில்லை. நாற்காலி மாறினால் போதாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதே பேச்சில் என்னை ரொம்ப உலுக்கியது இன்னொரு அறிவுரை. விட்டுப் போவதற்கு முன்னாலேயே போய்விடாதே என்பார். அதாவது, குழந்தை வரப்போகிறது என்ற நினைப்பு வந்த நாளிலிருந்தே பொறுப்புகளை ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிடுகிறோமே, அது. குஜராத்தில் துறைமுகம் இருக்கும் முந்த்ராவில் மூன்று மாதம் ஒரு புராஜெக்ட்டுக்கு என்னைக் கேட்டபோது நான் கர்ப்பமாகக்கூட இல்லை, இருந்தும் வேண்டாம் என்றேன். அந்த மூன்று மாதம்தான் மற்ற இருவரின் ரெஸ்யூமேயில் இருந்தது. 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டமே 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது, அதற்கு முன்னால் நானாக எனக்கு இரண்டு வருஷம் விடுப்பு கொடுத்துக்கொண்டேன் என்பதை ரயிலில் நின்றபடி உணர்ந்தபோது கண் கலங்கிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் டீமில் தனியாக மகனை வளர்க்கும் ஒரு அக்கா இருக்கிறார். சாண்ட்பர்க் பேச்சைப் போட்டுக் காட்டியபோது, “கணவரை நிஜமான துணையாக்குன்னு சொல்றாங்களே, எனக்கு யாரைச் சொல்றாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாண்ட்பர்க்கின் கணவர் 2015-ல் இறந்தார். அடுத்த ஆண்டு அன்னையர் தினத்தன்று, தனியாகக் குழந்தை வளர்க்கும் பெண்களின் கஷ்டத்தைத் தான் முன்பு சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவரே எழுதினார். அதையும் சேர்த்துப் படித்த பிறகுதான் அந்த அக்கா அவர் பேச்சைத் திரும்பக் கேட்டார்.

உளவியலாளர் எமி கடி (Amy Cuddy) 2012-ல் பேசியது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு நிமிஷம் கையை விரித்து நிமிர்ந்து நின்றால் உடம்பில் ஹார்மோனே மாறும் என்பது. 2015-ல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் அந்த ஹார்மோன் மாற்றம் தெரியவில்லை. முதல் ஆய்வை அவரோடு சேர்ந்து எழுதிய டேனா கார்னியே 2016-ல் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இது தெரியாமல் ஒரு வருஷம் அப்ரைசலுக்கு முன்னால் பாத்ரூமில் அப்படி நின்றிருக்கிறேன். படபடப்பு கொஞ்சம் குறைந்தது, மார்க் மாறவில்லை.

பெண் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித்தரும் அமைப்பைத் தொடங்கிய ரேஷ்மா சௌஜானியின் 2016 பேச்சு வேறு மாதிரி. கோடிங் கற்கும் பெண் ஒருத்தி டீச்சரைக் கூப்பிட்டு எதுவுமே எழுத வரவில்லை என்பாள், திரை காலியாக இருக்கும். டீச்சர் அன்டூ பட்டனைத் தட்டிப் பார்த்தால், அவள் எழுதியிருப்பாள், சரியாக இல்லையே என்று அழித்திருப்பாள். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் லைனுக்கு ஒரு மெயில் எழுத நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்வாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். “டியர் சார்” என்று தொடங்கி நான்கு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். ஐந்தாவது தடவை நான் கையை நீட்டி செண்ட் பட்டனை அழுத்திவிட்டேன். “ஐயோ அக்கா!” என்று பதறிவிட்டாள். ஏழு நிமிஷத்தில் பதில் வந்தது. அதில் ஸ்பெல்லிங் தப்பு அவளுடையதைவிட அதிகம். அதற்குப் பிறகு அவள் அழிக்கும் நேரம் நிஜமாகவே குறைந்திருக்கிறது.

இப்போது முக்கியமானது. சூசன் கொலன்டுவோனோ 2013-ல் பேசிய பேச்சு. அவ்வளவு புகழ்பெற்றது கிடையாது, மேடை நாடகமும் கிடையாது, கேட்டதும் சிலிர்க்காது. அவர் சொல்வது இதுதான்: பெண்களுக்குத் தன்னம்பிக்கை வளர்த்துக்கொள், மற்றவர்களோடு இணக்கமாக வேலை செய் என்று அறிவுரை கொட்டுகிறார்கள், ஆனால் கம்பெனி எங்கே காசு சம்பாதிக்கிறது, எங்கே விடுகிறது, எந்தத் திசையில் போகிறது என்ற அறிவைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதில்லை. மேல் பதவிக்கு ஆள் எடுக்கும்போது பெரிதாகப் பார்க்கப்படுவதோ அதுதான். தலைமைக்கு வேண்டியதில் விட்டுப்போன 33 சதவீதம் என்பார் அவர். பல்லாவரத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டேன்.

அன்று சாயங்காலமே அக்கவுன்ட்ஸ் அண்ணாவிடம் போய், “பி.எல். திருத்தத்துக்கு லைன் வாங்குற காசு எந்தத் தலைப்புல போகுது அண்ணா?” என்று கேட்டேன். அவர் மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். ‘இதர செலவுகள்’ என்ற வரிசையில், கூரியர் பில்லோடும் தண்ணி கேனோடும் சேர்ந்து கிடந்தது. ஒன்பது வருஷமாக அந்தத் திருத்தங்களை நான் கையால் போட்டிருக்கிறேன், அதற்கு எவ்வளவு போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மூன்று மாதம் ஒவ்வொரு திருத்தத்தையும் எக்ஸெலில் குறித்தேன். எந்தப் பார்ட்டி, என்ன தப்பு, எத்தனை மணிக்கு விவரம் அனுப்பினார்கள், லைன் எவ்வளவு வாங்கியது, கட்-ஆஃப் தவறி கண்டெய்னர் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனதா. பாதிக்கு மேல் நான்கே பார்ட்டிகள். கடைசி ஒரு மணி நேரத்தில் விவரம் அனுப்புபவர்கள்.

அடுத்த ரிவ்யூவில் மேஜையில் உட்கார்ந்தபோது என்னிடம் பேச ஒரு பக்கம் இருந்தது, ரூபாயில். கட்-ஆஃபுக்கு இரண்டு நாள் முன்னாலேயே விவரம் வாங்க வேண்டும், அதற்குப் பிறகு வரும் திருத்தத்தைப் பார்ட்டி பில்லிலேயே சேர்க்க வேண்டும் என்று சொன்னேன். மேனேஜர் சார் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், “சரி, அடுத்த குவார்ட்டருக்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்க” என்றார். அந்த அறையில் என்னிடம் அப்படி ஒரு கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. எட்டு மாதம் கழித்து டீம் லீட் ஆனேன். பேச்சு கேட்டதால் மட்டுமே ஆனேன் என்று சொல்லமாட்டேன், அந்த நேரம் ஒரு இடமும் காலியானது. ஆனால் அந்தப் பக்கம் இல்லாமல் என் பெயர் அங்கே வந்திருக்காது.

காசு கொடுத்துப் போனதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை பயிலரங்கம், 6,500 ரூபாய், என் கைக்காசு. எழுந்து நின்று “என்னால் முடியும்” என்று கத்தச் சொன்னார்கள், பத்திரிகையில் படம் வெட்டிக் கனவுப் பலகை ஒட்டச் சொன்னார்கள். ஞாயிறு வரை சூடு இருந்தது. திங்கட்கிழமை அதே இன்பாக்ஸ். இனிமேல் கட்டுவதற்கு முன்னால், பேசுபவர் ஒரு டீமின் பட்ஜெட்டைக் கையாண்டிருக்கிறாரா, கேள்வி கேட்க எவ்வளவு நேரம் தருவார்கள் என்று கேட்டுத்தான் போவேன்.

அதைவிட மனசு வலித்தது ஒரு மகளிர் தின விழா. வெளியிலிருந்து வந்த பேச்சாளர், வீட்டையும் வேலையையும் சிரித்த முகத்தோடு சமன் செய்யுங்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். இரவு ஷிஃப்ட் பெண் ஒருத்தி எழுந்து, பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வண்டி கிடைப்பதில்லை என்றாள். அதைத் தனியாகப் பேசலாம் என்று உட்காரவைத்துவிட்டார்கள். அவள் கேட்டதுதான் அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்டிருக்க வேண்டிய விஷயம். பிறகு நான்கு பேர் கையெழுத்துப் போட்டு மெயில் அனுப்பி, இரண்டு மாதத்தில் வண்டி வந்தது.

இந்திரா நூயியின் பேட்டிகளைத் தனியாக வைத்திருக்கிறேன். நம் சென்னையில் வளர்ந்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்தியவர். 2014 ஆஸ்பென் பேட்டியில், தலைவர் பதவி கிடைத்த செய்தியோடு வீட்டுக்கு வந்தால், அம்மா போய் பால் வாங்கி வா என்று அனுப்பிய கதையைச் சொல்வார். கிரீடத்தை கராஜில் விட்டுவிட்டு வா என்பாராம். என் மாமியார் இதைக் கேட்டு ரொம்ப ரசித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது, கணவரை அனுப்பியிருக்கலாமே என்று. இரண்டு நாள் நாங்கள் இருவரும் அதைப் பற்றியே பேசினோம், அதற்குப் பிறகு காலைப் பால் என் கணவர் பொறுப்புக்குப் போனது.

இப்போது தனியாகக் கேட்பது குறைந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு பேர் சேர்ந்து கேட்கிறோம். ஆங்கிலம் வேகமாக இருந்தால் 0.75 வேகத்தில் ஓடவிட்டு, நடுவில் நிறுத்தித் தமிழில் பேசிக்கொள்வோம். முடிந்ததும் ஆளுக்கு ஒன்று, அடுத்த வியாழனுக்குள் செய்யப்போவதை மட்டும் சொல்ல வேண்டும். போன வாரம் அந்த மெயில் அழிக்கும் பெண், லைன் ஆபீஸுக்கு நேரில் போய் கண்டெய்னரைக் கூடுதல் நாள் வைத்திருந்ததற்கு வாங்கும் ஒரு டிடென்ஷன் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னாள். நேற்று போய்விட்டு வந்திருக்கிறாள். பாதி குறைத்தார்களாம், மீதிக்குத் திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.