ஃபால்ஸ்டாட் சர்க்யூட் சிமுலேட்டர்: முதலாண்டு மாணவருக்கு எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

பொறியியல் முதலாண்டில் மின்சுற்றுப் பாடத்தில் திணறுபவர்கள் பலருக்கு ஓம் விதி தலைகீழ்ப் பாடம். கணக்கும் சரியாகப் போடுவார்கள். "ரெசிஸ்டரைத் தாண்டியதும் கரண்ட் குறையுமா?" என்று கேட்டால்தான் தயக்கம் தெரியும். அந்தத் தயக்கத்துக்கு நல்ல மருந்து, பால் ஃபால்ஸ்டாட் எழுதிய சர்க்யூட் சிமுலேட்டர். ஜாவா ஆப்லெட்டாக வந்ததை இயன் ஷார்ப் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினார். பிரவுசரிலேயே ஓடுகிறது, இலவசம், பதிவு செய்யவும் வேண்டாம்.

சுற்றை வரைந்தவுடன் கம்பிகளில் மஞ்சள் புள்ளிகள் ஓடத் தொடங்கும், அதுதான் கரண்ட். கம்பியின் நிறம் வோல்டேஜைக் காட்டும்: பச்சை என்றால் நேர், சிவப்பு என்றால் எதிர், சாம்பல் என்றால் பூஜ்யம். ஒற்றை வளையச் சுற்றில் ரெசிஸ்டருக்கு முன்னும் பின்னும் புள்ளிகள் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்தால், கரண்ட் "செலவாகிறது" என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும். நிறம் மட்டும் மாறுகிறது என்பதும் கண்ணில் படும். ஒரு எச்சரிக்கை: புள்ளிகள் எலக்ட்ரான்கள் அல்ல. அவை நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போவதாக வழக்கத்தில் கொள்ளும் கரண்டின் திசையில் ஓடுகின்றன, வேகமும் வெறும் காட்சிக்காக. 1 சதுர மி.மீ. தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் போகும்போது எலக்ட்ரான்களின் நகர்வு விநாடிக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. மட்டுமே. கரண்ட் சிறியதாக இருந்தால் புள்ளிகள் நின்றுவிட்டதுபோல் தோன்றும். கரண்ட் வேகத்துக்கான ஸ்லைடரைக் கூட்டினால் நகரும். இதனால் சுற்றில் எந்த மதிப்பும் மாறாது.

அடுத்த சிக்கல் வோல்டேஜ். அது ஒரு புள்ளியின் குணம் அல்ல, இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம் என்பதை வாய்ப்பாடாகச் சொல்பவர்கள்கூட கிரவுண்டை (பூஜ்ய வோல்ட் என்று நாம் குறிக்கும் இடம்) பார்த்தால் குழம்புவார்கள். 10 வோல்ட் மின்மூலத்துடன் 1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக இணைத்து, மூலத்தின் எதிர்முனையில் கிரவுண்டை வையுங்கள். நடுப்புள்ளி 5 வோல்ட். இப்போது கிரவுண்டை நடுப்புள்ளிக்கு மாற்றுங்கள்: மேலே +5, கீழே -5, நிறங்கள் எல்லாம் மாறும், மஞ்சள் புள்ளிகளின் ஓட்டம் இம்மியும் மாறாது. கிரவுண்டே வைக்காவிட்டால் சிமுலேட்டர் தானாக மூலத்தின் ஒரு முனையைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிற அளவு தொடக்கத்தில் 5 வோல்ட்டுக்கு அமைந்திருக்கும், அதனால் 5-ம் 10-ம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். அமைப்புகளில் வோல்டேஜ் வரம்பை 10 ஆக்கிவிட்டுத் தொடங்குவது நல்லது.

அதே சுற்றின் நடுப்புள்ளிக்கும் எதிர்முனைக்கும் இடையில் இன்னொரு 1 கிலோஓம் சேர்த்தால் 5 வோல்ட் 3.33 ஆக இறங்கும். 100 கிலோஓம் சேர்த்தால் 4.98 அளவில் நிற்கும். லோடிங், அதாவது இணைத்த சுமை வோல்டேஜை இறக்குவது, இவ்வளவுதான்.

கெப்பாசிட்டருக்கு 10 வோல்ட், ஒரு சுவிட்ச், 1 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட் போதும். சுவிட்சைப் போட்ட கணத்தில் 10 மில்லிஆம்பியர் பாயும், கெப்பாசிட்டர் வோல்டேஜ் பூஜ்யத்தில் இருக்கும். 10 மில்லிசெகண்டில் 6.32 வோல்ட், 50 மில்லிசெகண்டில் 9.93. மதிப்பை உள்ளிடும்போது சிறிய எம் எழுத்து மில்லி, பெரிய எம் மெகா. இதைக் கவனிக்காமல் விட்டு, விடை ஏன் தப்பாக வருகிறது என்று தேடுபவர்கள் நிறைய.

இண்டக்டரில்தான் இந்தக் கருவி ஏமாற்றும். 10 வோல்ட், சுவிட்ச், 1 கிலோஓம், 1 ஹென்றி என்று தொடராக இணைத்து, கரண்ட் 10 மில்லிஆம்பியருக்கு வந்தபின் சுவிட்சைத் திறந்தால் என்ன ஆகும்? பாடப்படி பெரிய வோல்டேஜ் பாய்ச்சல் வரவேண்டும். திரையில் ஒன்றும் நடக்காது. இண்டக்டருக்குக் கரண்ட் போக வேறு பாதையே இல்லையென்றால் நிரல் அதன் கரண்டைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். இதைப் பார்க்கும் மாணவர், இண்டக்டர் கரண்ட் சட்டென்று நிற்கலாம் போலிருக்கிறது என்று நேர்மாறான பாடத்தைக் கற்றுக்கொள்வார்.

சரியாகப் பார்க்க வேண்டுமானால் இண்டக்டருக்கு இணையாக 100 கிலோஓம் வையுங்கள். திறந்ததும் அதே 10 மில்லிஆம்பியர் அந்த ரெசிஸ்டர் வழியாகச் சுற்றியாக வேண்டும், 0.01-ஐ 100,000-ஆல் பெருக்கினால் 1000 வோல்ட். சிமுலேட்டர் ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் விடும் இடைவெளியான கால அடி இயல்பாக 5 மைக்ரோசெகண்ட், அதில் உச்சம் 1000-க்குக் கணிசமாகக் குறைந்தே தெரியும், ஏனெனில் இந்தப் பாய்ச்சலின் கால மாறிலியே (அது தணியும் வேகத்தின் அளவு) 10 மைக்ரோசெகண்ட்தான். அடியை 0.5 மைக்ரோசெகண்டுக்குக் குறைத்து, ஸ்கோப்பில் (வோல்டேஜை வரைபடமாகக் காட்டும் பகுதி) உச்ச மதிப்பைக் காட்டச் சொன்னால் 1000-ஐ நெருங்கும். பிறகு ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் டயோடு ஒன்றை இண்டக்டருக்கு இணையாக, அம்புக்குறி மூலத்தின் நேர்முனைப் பக்கம் பார்க்கும்படி போடுங்கள். பாய்ச்சல் 1 வோல்ட்டுக்கும் கீழே அடங்கிவிடும். ஆனால் கரண்ட் இறங்க 15 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். டயோடு போட்ட ரிலே (சுருளால் இயங்கும் சுவிட்ச்) தாமதமாக விடுபடுவது இதனால்தான்.

மூலத்தை வெறும் கம்பியால் குறுக்கிணைத்தால், மின்தடையே இல்லாத வளையம் என்று பிழை காட்டி சிமுலேட்டர் நின்றுவிடும். அது கோளாறு அல்ல. நிஜ பேட்டரிக்கு உள்மின்தடை உண்டு. அரை ஓம் தொடரில் சேர்த்தால் மறுபடி ஓடும்.

வரையும்போது அடிக்கடி நேரும் தவறு: ஒரு கம்பியின் நடுவில் இன்னொன்றை ஒட்டவைப்பது. இணைப்பு முனைகளில் மட்டுமே நடக்கும். சிவப்புப் புள்ளி தெரிந்தால் அங்கே தொடர்பில்லை என்று பொருள். வலது கிளிக் செய்து கம்பியைப் பிரித்தால் சரியாகும்.

ஆய்வகத்துக்கு இது மாற்றாகாது. 1 ஓம் ரெசிஸ்டருக்கு 5 வோல்ட் கொடுத்தால் 25 வாட். கால் வாட் ரெசிஸ்டர் நிஜத்தில் புகைந்துபோகும், இங்கே மூச்சுவிடாது. கம்பிக்கு மின்தடை இல்லை, பாகங்களின் மதிப்பில் 5 சதவீத விலகல் இல்லை, பிரெட்போர்டின் தளர்ந்த துளைகளும் இல்லை. கிர்க்காஃப் சமன்பாடுகளை எழுதவும் இது கற்றுத்தராது. எனவே விடையைத் தாளில் கணித்து எழுதிய பிறகே சுவிட்சைத் தட்டுங்கள். துல்லியமான டிரான்சிஸ்டர் மாதிரிகளோ அதிர்வெண் பகுப்பாய்வோ தேவைப்படும் ஆண்டில் எல்டிஸ்பைஸ் என்ற இன்னொரு சிமுலேட்டர் மென்பொருளுக்கு மாறலாம். முதலாண்டிலேயே அதில் இறங்கினால் மென்பொருளைப் பழகுவதிலேயே நேரம் போய்விடும்.

ஃபோன் திரையில் முனைகளைப் பிடித்து இழுப்பது பெரும்பாடு. மடிக்கணினியில் மவுஸ் வைத்துச் செய்யுங்கள். முடித்த சுற்றை இணைப்பு முகவரியாக ஏற்றுமதி செய்து நண்பருக்கு அனுப்பினால், அவர் திறக்கும்போது அதே மதிப்புகளுடன் ஓடும்.