லியரும் கிளாஸ்டரும்: எந்தப் பிரிவு அதிகம் வலிக்கிறது?

ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் இரண்டு அப்பாக்கள் பெற்ற பிள்ளையை ஒதுக்குகிறார்கள். லியர் கடைக்குட்டி கார்டிலியாவை, அவர் சபைப் பிரபு கிளாஸ்டர் மூத்த மகன் எட்கரை.

கிளாஸ்டரையாவது ஓரளவு மன்னிக்கலாம். இளையவன் எட்மண்ட் போலிக் கடிதம் காட்டி ஏமாற்றினான். ஆனாலும் மூத்தவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! லியர் செய்தது வேறு. நாட்டை மூன்று மகள்களுக்கும் பங்கிடும்போது, சபையில் வைத்துத் தன் மேல் உள்ள பாசத்தை அளந்து சொல்லச் சொன்னார். கார்டிலியா 'ஒன்றுமில்லை' என்றாள். அவ்வளவுதான், அவள் பங்கும் அக்காமார் இருவருக்கும் போய்விட்டது.

பிள்ளைகள் திரும்பி வரும் விதம்தான் என்னை உலுக்குகிறது. கண்கள் பிடுங்கப்பட்ட அப்பாவை எட்கர் கைபிடித்து டோவர் கடற்கரைப் பக்கம் கூட்டிப் போகிறான். ஆனால் 'நான்தான் உங்கள் மகன்' என்று மட்டும் சொல்வதில்லை. கடைசியில் சொன்னபோது, சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக மோதி, கிழவரின் இதயம் வெடித்துவிடுகிறது. அந்தத் தாமதம் தன் தவறு என்று எட்கரே சொல்கிறான்.

கார்டிலியா காக்க வைக்கவில்லை. தூங்கி எழுந்த லியர் அவள் கண்ணீர் நிஜமாகவே ஈரமா என்று பார்க்கிறார். நீ விஷம் தந்தாலும் குடிக்கிறேன், என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது என்கிறார். 'ஒரு காரணமும் இல்லை' என்கிறாள் அவள்.

அப்புறம் அதே மகளின் பிணத்தைக் கையில் ஏந்தி வருகிறார். 1681-இல் நஹும் டேட் என்ற கவிஞர் அவளைப் பிழைக்க வைத்து நாடகத்தை மாற்றி எழுதினார். சுமார் 150 ஆண்டுகள் அதுதான் மேடையேறியது. அந்த ரசிகர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.