ஒன்று-பத்து-நூறு கட்டைப் பெட்டி: ஒரு வருஷம் பயன்படுத்திப் பார்த்ததில்

போன வருஷம் ஜூலையில் கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் 860 ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். ஒன்று, பத்து, நூறு என்ற இடமதிப்பைப் பிள்ளைகளுக்குக் கையில் தொட்டுக் காட்டுவதற்கு, மரத்தில் செய்தது. ஒரு சென்டிமீட்டர் அளவில் 100 குட்டிக் கட்டைகள், பத்து குட்டிகளின் நீளத்துக்கு 10 குச்சிகள், நூறுக்குச் சமமான 10 பலகைகள், ஆயிரத்துக்கு ஒரே ஒரு பெரிய கட்டை, ஆக மொத்தம் 121 உருப்படி. கடையில் 'டீன்ஸ் கட்டை' என்று கேட்டால் சிலருக்குப் புரியாது, ஒன்று-பத்து-நூறு கட்டை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

வலங்கைமான் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு படிக்கும் பிள்ளைகள் கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வருவார்கள். பெட்டியை வாங்கியது என் மூன்றாம் வகுப்புக்காகத்தான். ஆனால் அது அதிகமாக வேலை செய்தது பயிற்சிக்கு வந்த அந்தப் பெண்களிடமும் பையன்களிடமும்தான், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பெண் 402-லிருந்து 157-ஐக் கழிக்கும் கணக்கை நடத்திக்கொண்டிருந்தாள். பாடக்குறிப்பு சுத்தமாக இருந்தது, கரும்பலகை எழுத்து அச்சு மாதிரி. "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல கடன் கேட்போம், அங்க பூஜ்ஜியம், அவங்ககிட்டயும் இல்ல, அதனால அவங்க அடுத்த வீட்டுல கேட்பாங்க" என்று நாம் எல்லோரும் படித்த அதே பாட்டு. கடைசி வரிசையில் ஒரு பையன், "கடனை எப்போ டீச்சர் திருப்பிக் கொடுப்போம்?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, அவன் வீட்டில் கடன் என்றால் திருப்பித் தர வேண்டியது, அவ்வளவுதான். அவளுக்குப் பதில் வரவில்லை.

மணி அடித்து பிள்ளைகள் போனதும் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். 402-ஐ அடுக்கச் சொன்னேன், நாலு பலகை, இரண்டு குட்டி, சரி. இப்போது கரும்பலகையில் செய்ததையே செய்யம்மா என்றேன். ஒரு பலகையை எடுத்து இரண்டு குட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள், ஏனென்றால் கரும்பலகையில் இரண்டுக்கு முன்னால் ஒரு ஒன்றைப் போட்டால் 12 ஆகிவிடுகிறது, இங்கே 102 அல்லவா ஆகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் அந்தப் பலகையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு பத்து குச்சி எடுத்தாள், அதில் ஒரு குச்சியைப் போட்டுவிட்டு பத்து குட்டி எடுத்தாள். மேஜையில் மூன்று பலகை, ஒன்பது குச்சி, பன்னிரண்டு குட்டி. "மேடம், இது இன்னமும் 402தானே, யார்கிட்டயும் எதுவும் வாங்கலையே" என்றாள். நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை மாற்றுவதுதான் அது. நம் பாடநூலில் 'இனமாற்றம்' என்றே போட்டிருக்கிறார்கள், அவளும் அந்தச் சொல்லைப் பரீட்சைக்குப் படித்து எழுதியிருக்கிறாள், அன்றைக்குத்தான் அதற்குப் பொருள் கிடைத்தது.

இந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பன்னிரண்டாம் வகுப்பு தாண்டி வந்தவர்கள், கணக்கு போடத் தெரியும். அடுத்து எழுதப் போகும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 மதிப்பெண்ணில் கணக்குக்கு 30, அதுவும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். விடை கண்டுபிடிக்கத் தெரிவதும், ஏன் அப்படி வருகிறது என்று ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டத் தெரிவதும் வேறு வேறு வேலை, இரண்டாவதற்கு யாரும் அவர்களை உட்கார வைப்பதே இல்லை.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரத்துக்கான அந்தப் பெரிய கட்டையைக் கையில் கொடுத்து இதில் எத்தனை குட்டி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். 'அறுநூறு' என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பயிற்சி ஆசிரியர்களே சொல்கிறார்கள், ஆறு பக்கம், பக்கத்துக்கு நூறு என்று கணக்குப் போட்டு. பத்து பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அருகில் வைத்தால் தாங்களே திருத்திக்கொள்வார்கள். பெருக்கலுக்கும் அருமையான சாமான். 13-ஐ 12-ஆல் பெருக்கச் சொல்லி செவ்வகமாக அடுக்கினால் ஒரு பலகை, ஐந்து குச்சி, ஆறு குட்டி, 156 கண்ணெதிரே கிடக்கும். பலகையை 'ஒன்று' என்று வைத்துக்கொண்டால் குச்சி பத்தில் ஒன்று, குட்டி நூறில் ஒன்று, தசமத்துக்கும் அதே பெட்டி போதும்.

குறைகளுக்கு வருகிறேன். உள்ளே இருக்கிற விளக்கத் தாள் முழுக்க ஆங்கிலம், படங்களும் மங்கல். ஆயிரத்துக்கான கட்டை உள்ளே வெற்றாக இருக்கிறது, பத்து பலகைகளின் எடைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, கையில் தூக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு அது தப்பான சேதியைச் சொல்லும். ஐப்பசி அடைமழையில் பள்ளி அலமாரியில் வைத்திருந்ததில் பலகைகளில் பூசணம் பிடித்து, பச்சைச் சாயம் பிள்ளைகள் விரலில் ஒட்டியது, ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். நம் ஊர் ஈரத்துக்கு பிளாஸ்டிக் செட்டே தேவலை. ஒரு பெட்டி நாலு பேருக்குத்தான் காணும், 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தவிக்க வேண்டியதுதான்.

பெரிய குறை என்று நான் நினைப்பது வேறு. இந்தக் கட்டைகளைப் பிரபலமாக்கிய சோல்தான் டீன்ஸ், ஹங்கேரியில் பிறந்த கணிதக்காரர், பத்து மட்டுமில்லாமல் மூன்று, நான்கு என்று வேறு அடிமானங்களிலும் (எத்தனை சேர்ந்தால் அடுத்த பெரிய கட்டை ஆகும் என்ற எண்தான் அடிமானம்) கட்டைகள் வைத்திருந்தார். கடையில் கிடைப்பது பத்து மட்டும்தான். பயிற்சி ஆசிரியர்களுக்கு நிஜமாகத் தேவைப்படுவது அந்த மற்ற அடிமானங்கள். அதற்குக் காசே வேண்டாம், தென்னை ஈர்க்குச்சி போதும், டெல்டாவில் அதற்கா பஞ்சம். 38 குச்சியைக் கொடுத்து ஐந்து ஐந்தாகக் கட்டச் சொல்வேன், ஐந்து கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. ஒரு பெரிய கட்டு, இரண்டு கட்டு, மூன்று உதிரி, ஆக 123 என்று எழுத வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள் தலையைச் சொறிவார்கள், விரல் விட்டு எண்ணுவார்கள், 'நூற்றி இருபத்து மூன்று' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு விழிப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 38 என்று எழுதும்போது என்ன பாடு என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் அவர்களுக்கே உறைக்கும். நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு, இருபது, முப்பது என்று ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்து தொண்ணூறில் வந்து நூறு ஒட்டிக்கொள்ளும், தொள்ளாயிரத்தில் ஆயிரம். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் 'ஒன்பது பத்து' என்று சொன்ன பிள்ளையை அடித்துத் திருத்தாதீர்கள், அவள் யோசித்துத்தான் சொல்கிறாள்.

பின்னத்துக்கு இந்தப் பெட்டியை நம்பாதீர்கள். பாட்டி வீட்டுப் பரணில் படியும் உழக்கும் ஆழாக்கும் இருந்தால் கொண்டு வாருங்கள், இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நாலு உழக்கு ஒரு படி, நெல்லைக் கொட்டி அளந்தால் காலும் அரைக்காலும் கைக்கு வந்துவிடும். காலில் பாதி அரைக்கால் என்று சொல்லிலேயே வைத்திருக்கிறோம்.

பட்டயப் படிப்பு படிக்கிறவர்கள் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், அடுக்கி வைத்து விளையாடுங்கள், கழித்தலையும் வகுத்தலையும் எழுதாமல் கட்டையிலேயே செய்து பாருங்கள். வாங்கும்போது கடையிலேயே பிரித்துச் சரிபாருங்கள், எனக்கு வந்ததில் குட்டிகள் 94தான் இருந்தன, மறுநாள் போய்த்தான் மீதி ஆறை வாங்கி வந்தேன். ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம், குச்சிக்குப் பக்கத்தில் குட்டிகளை வரிசையாக வைத்து அடுக்கிக்கொண்டே போனால் குறைவது தானே தெரியும், அளவு சரியாக அறுத்திருக்கிறார்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.