ஏர் ரைஃபிளும் தளரும் ஸ்க்ரூவும்: சில வருட அனுபவம்

ஸ்பிரிங்கும், காற்றைத் தள்ளும் பிஸ்டனில் கசிவில்லாமல் அடைக்கும் சீலும் மாற்றி என் ஏர் ரைஃபிள் ரிப்பேரிலிருந்து வந்திருக்கிறது. இதே மாடலை வாங்கலாமா என்று நண்பர் ஒருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேரலை மடக்கி லோடு செய்யும் ரகம், 4.5 மிமீ, மர ஸ்டாக் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை), விலை குறைவு. மீதி விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கும். சில வருடம் கையில் வைத்திருந்தால் மட்டுமே தெரியவரும் விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் பேரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விலையில் இப்படியொரு பேரல் கிடைப்பது பெரிய விஷயம். 10 மீட்டர் தூரத்தில், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல், தலை உருண்டையான ஈய பெல்லட், அதாவது இதில் போடும் சின்னக் குண்டு, போட்டால் காகிதத்தில் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுகின்றன. பெல்லட் மட்டும் அதற்குப் பிடித்ததாக அமைய வேண்டும். எடை ஒன்றுதான் என்று டப்பாவில் போட்டிருக்கும். ஆனால் ஒரு தயாரிப்பு ஒரே இடத்தில் கூட்டமாக விழும், இன்னொன்று நாலாபக்கமும் போகும். நாலைந்து வகை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் மிக லேசான அலாய் பெல்லட் போட்டு எடுத்த கணக்கு. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். அதை நெருங்கும்போது இடுப்பு ஒடுங்கிய இந்த பெல்லட்டுகள் தடுமாற ஆரம்பித்துவிடும். அரை கிராம் எடையுள்ள ஈய பெல்லட் மெதுவாகத்தான் போகும், ஆனால் சொன்ன இடத்துக்குப் போகும்.

அப்புறம் அந்த ஸ்க்ரூக்கள். ஸ்டாக்கின் முன்பகுதியில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, விசையைச் சுற்றியிருக்கும் டிரிகர் கார்டில் ஒன்று. என் பொறுமையைச் சோதிப்பது இந்த மூன்றும்தான். நன்றாக முடுக்கிவிட்டுத்தான் சுட உட்காருவேன். எழுந்திருக்கும் முன் ஆலன் கீயை (ஸ்க்ரூ முடுக்கும் அறுகோணக் கம்பி) வைத்துப் பார்த்தால் கால் சுற்று தளர்ந்திருக்கும். ஸ்க்ரூவின் தலை உட்காரும் குழியைச் சுற்றி மரம் நசுங்கி, ஒரு கருப்பு வளையம் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு இரும்புக் கிண்ண வாஷர் வைத்திருந்தால் மரம் நசுங்கியே இருக்காது. பேரலுக்கு அவ்வளவு சிரத்தை எடுத்தவர்கள் ஒரு வாஷரில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

ஏன் தளர்கிறது என்றால், ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இரண்டு முறை உதைக்கும். விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும்போது ரைஃபிள் பின்னால் வரும். பிஸ்டன் கடைசியில் போய் நிற்கும்போது ரைஃபிள் முன்னால் துள்ளும். சாதாரண ஸ்கோப்பை இதில் மாட்டினால் உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பி அறுந்துபோவதும் இந்த முன்துள்ளலால்தான். ஏர் கன்னுக்கென்றே செய்த ஸ்கோப் இல்லையென்றால் மாட்டாமலே இருப்பது மேல். ஒவ்வொரு முறையும் இப்படி முன்னும் பின்னும் அடி வாங்கும் ஸ்க்ரூ எத்தனை நாள் பிடிக்கும்?

இதில் கொடுமை என்னவென்றால், ஸ்க்ரூ தளர்ந்தது கண்ணுக்கே தெரியாது. குறி மட்டும் மெல்லச் சிதறும். சுடுபவர் ஸ்கோப்பைச் சந்தேகப்படுவார், பெல்லட்டை மாற்றுவார், கடைசியில் தன் கையையே குறை சொல்லிக்கொள்வார். பிடிப்பும் முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. பெல்லட் பேரலுக்குள் இருக்கும்போதே ரைஃபிள் அசையத் தொடங்கிவிடுவதால், அதை இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் ரைஃபிள் சும்மா படுத்திருக்கும்படி விட வேண்டும். உதை எப்படி வருகிறதோ அப்படியே வரட்டும். இது பழகப் பழக வந்துவிடும். ஸ்க்ரூ விஷயத்தில் எவ்வளவு பழகினாலும் பலனில்லை.

ரிப்பேருக்குப் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெல்லட் வழக்கத்தைவிடக் கீழே விழ ஆரம்பித்தது, மடக்கும்போது உள்ளே ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் இரண்டு துண்டாகி ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் தேய்கிற பொருள், அதற்காக ரைஃபிளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் யாரும் அதைச் சும்மா பிரிக்க வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் அழுந்திய நிலையில் இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் கழற்றினால் முகத்தில் பாயும். பெல்லட் இல்லாமல் விசையை அழுத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் ரைஃபிளைக் கொடுக்கவும் வேண்டாம். தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும், ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போய்விடும்.

திரும்பி வந்த புதிதில் கொஞ்சம் புகையும் எண்ணெய் கருகும் வாசனையும் வந்தன. உள்ளே தடவிய கிரீஸ் எரிந்து தீரும்வரை அப்படித்தான், அதுவரை குறியைச் சரிசெய்ய உட்காராதீர்கள். அது அடங்கியதும் பழைய பேரல் பழைய மாதிரியே சுட்டது. மனசு நிறைந்துபோய் ஆலன் கீயை வைத்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது.

ஆகவே நண்பரே, இன்றைய மனநிலையில் கேட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் இரும்புக் கிண்ணம் வைத்த மாடலாகப் பாருங்கள். அதில் பேரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. என்னுடையதை நான் விற்கப்போவதும் இல்லை.

இதைத்தான் வாங்குவேன் என்றால், ஒரு பெல்லட் சுடுவதற்கு முன்னால் மூன்று ஸ்க்ரூவையும் கழற்றி, மரையில் இருக்கும் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடித்துக்கொள்ளும் பசையான திரெட் லாக்கரில் நீல நிறம் ஒரு சொட்டு விட்டு முடுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே முடியாது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு அப்புறம் சுடுங்கள். பெல்லட் வைக்கும்போது மடக்கிய பேரலை மற்றொரு கையால் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். விசை நழுவினால் பேரல் விருட்டென்று மேலே வந்து விரலை நசுக்கிவிடும்.