பழைய ஸ்விட்சோடு 2கே கூடைப்பந்து கேம் வாங்குகிறவர்களுக்கு

பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் (கையில் வைத்தும் டிவியில் மாட்டியும் ஆடும் கேம் கன்சோல்), கூடவே என்பிஏ 2கே கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜ், "ஆன்லைன் எல்லாம் ஓடும், விசி ஃபுல்லா இருக்கு" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே ஆள் வேறு வேறு பெயர்களில் சென்னையில் இதை விற்றுக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் போனது 14,500 ரூபாய்.

நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிப்பதில்லை. இங்கே கிடைப்பதில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. புதிதாக வாங்கினாலே வாரண்டி என்று நம்பிப் போய் நிற்க இடம் கிடையாது. அதனால்தான் செகண்ட் ஹேண்ட் சந்தை இவ்வளவு பெரிதாக ஓடுகிறது, ஏமாற்றுகிறவனுக்கும் வசதியாக இருக்கிறது.

2025 மே விடுமுறையில் என் அக்கா மகனுக்காக வாங்கினேன். பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவன், பந்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்ட். ஊருக்குப் போகும் ரயிலிலும் கையில் வைத்து ஆட வேண்டும் என்பதால் டிவியோடு கட்டிப்போடும் பெரிய கன்சோல் வேண்டாம் என்றான். விளம்பரத்தில் ஸ்விட்ச், அதை டிவியோடு இணைக்கும் டாக், பக்கவாட்டில் மாட்டும் கன்ட்ரோலர்களான ஜாய்கான் இரண்டு, என்பிஏ 2கே21 கார்ட்ரிட்ஜ், 512 ஜிபி மெமரி கார்டு என்று போட்டிருந்தது. போனில் பேசியபோது விற்றவன் சொன்னது இது: "ப்ரோ, மைடீம்ல டாப் கார்டு எல்லாம் வச்சிருக்கேன். மூணு லட்சம் விசி இருக்கு. தம்பி திறந்த உடனே ஆட ஆரம்பிக்கலாம்."

2கே ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விசி என்பது கேமுக்குள் புழங்கும் காசு. மைடீம் என்பது ஆட்டக்காரர்களின் கார்டுகளைச் சேர்த்து அணி அமைத்து ஆடும் பகுதி. மைகேரியர் என்ற பகுதியில் நாமே ஒரு ஆட்டக்காரனை உருவாக்கி லீக்கில் ஆட வைக்கிறோம். அவன் 60 புள்ளியில் தொடங்குவான். ஓப்பன் ஷாட்டையும் தவறவிடுவான், பாஸ் கொடுத்தால் எதிராளி கையில் போய் விழும். விசி கொட்டக் கொட்டத்தான் அவன் வேகம், குதி, த்ரீ பாயின்ட்டர் எல்லாம் ஏறும். ஆடியே சம்பாதிக்கலாம், ஆனால் மணிக்கணக்கில் ஆகும். அதனால் "மூணு லட்சம் விசி" என்று கேட்டதும் எந்தப் பையனுக்கும் வாயில் நீர் ஊறும். விற்றவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

தெரிந்தவர் கடை என்று ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வரச் சொன்னான். அங்கே மானிட்டரில் டாக் வைத்து, தனியாக ஒரு ப்ரோ கன்ட்ரோலரில் கேமை ஓட்டிக் காட்டினான். லேக்கர்ஸும் போர்ட்லாண்டும் ஆடின, படம் சுத்தமாக இருந்தது. ஜாய்கான் எங்கே என்றால் "சார்ஜ்ல இருக்கு ப்ரோ, கிளம்பும்போது தர்றேன்." மைடீமைக் காட்டச் சொன்னால் "இங்க நெட் வீக், ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேனே." என் போனில் ஹாட்ஸ்பாட் போடுகிறேன் என்றதற்கு, அந்த கன்சோலில் 5ஜி ஹாட்ஸ்பாட் பிடிக்காது என்று ஏதோ கதை விட்டான். கடைக்காரர் ஷட்டரை இழுக்கத் தொடங்கியிருந்தார். அந்த நேரமும் பார்த்து வைத்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. யுபிஐயில் பணம் போனது.

வீட்டுக்கு வந்து மைடீமைத் திறந்தால் சர்வரோடு இணைய முடியவில்லை என்று வந்தது. வைஃபை மாற்றினோம், ரீஸ்டார்ட் செய்தோம், மறுபடியும் அதே. அவனுக்கு போன் போட்டேன். "நேத்து நைட் வரைக்கும் ஓடிச்சு ப்ரோ. சர்வர்ல பிரச்சனைன்னா நான் என்ன பண்றது?"

நேற்று இரவு வரை ஓடியதாம். 2கே21-இன் சர்வர் நிறுத்தப்பட்ட நாள் 2022 டிசம்பர் 31. அவன் எனக்கு விற்கும்போது அது நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இது ரகசியமும் அல்ல. வெளியிட்ட நிறுவனமே ஒவ்வொரு பதிப்புக்கும் தேதி போட்டு அறிவித்துவிடுகிறது. 2கே20-க்கு 2021 டிசம்பர் 31, 2கே22-க்கு 2023 டிசம்பர் 31, 2கே23-க்கு 2024 டிசம்பர் 31. கேம் வருவது செப்டம்பரில் என்றால் இரண்டேகால் வருடத்துக்குச் சற்று மேலே அதன் ஆன்லைன் ஆயுள், அவ்வளவுதான். பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்த்து நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். 2கே21 என்றால் 2020-இல் வந்தது, 2022 முடிவோடு கதை முடிந்தது. அதன் பிறகு ஆன்லைன் போட்டி இல்லை, விசியை நம்பி இருக்கும் பகுதிகளும் இல்லை. இரண்டு அணிகளை எடுத்துக்கொண்டு ஆடும் சாதாரண ஆட்டம் ஓடுகிறது. ஒரே கன்சோலில் இரண்டு பேர் ஆடலாம். அதற்கு மட்டும் என்றால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சில நூறு ரூபாய் கொடுக்கலாம், தப்பில்லை. மைடீம் என்ற பெயரைச் சொல்லி விலை ஏற்றுவதுதான் மோசடி.

சர்வர் உயிரோடு இருந்தால்கூட அவன் சொன்ன மூன்று லட்சம் விசி நமக்கு வந்திருக்காது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்விட்சில் சேவ் ஃபைல் கார்ட்ரிட்ஜில் இருக்காது, மெமரி கார்டிலும் இருக்காது. அது கன்சோலின் உள் நினைவகத்தில், அதுவும் குறிப்பிட்ட யூசர் ப்ரொஃபைலின் கீழ் உட்கார்ந்திருக்கும். விற்றவன் தன் ப்ரொஃபைலை அழித்துவிட்டுக் கொடுத்தால் எல்லாம் அதோடு போச்சு. அழிக்காமல் கொடுத்தால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் அவன் கையில்தான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். ஆகவே "கார்ட்ரிட்ஜில் விசி ஏற்றித் தருகிறேன்" என்று எவனாவது சொன்னால் அவன் பொய் சொல்கிறான், அதில் சந்தேகமே வேண்டாம். போனில் ஆடும் கூடைப்பந்து கேம்களின் அக்கவுன்ட்டைக் குரூப்களில் விற்பவர்கள் விஷயமும் இதுதான். மெயில் ஐடி அவர்களுடையது. பணம் வாங்கிய கையோடு "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அமுக்கித் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அக்கவுன்ட் விற்பது பொதுவாக கேம் விதிகளுக்கே எதிரானது என்பதால் புகார் கொடுக்கவும் வழி இருக்காது.

அப்புறம் ஜாய்கான். அக்கா மகன் கையில் வைத்து ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் "மாமா, இவன் தானா நடக்கிறான்" என்றான். போர்ட்லாண்டின் லில்லார்ட் பந்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சைடு லைனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பையனின் கட்டைவிரல் ஸ்டிக்கில் இல்லவே இல்லை. இடது ஸ்டிக் தேய்ந்துபோனால் வரும் ட்ரிஃப்ட் இது. வேறு வகை கேமில் சமாளித்துவிடலாம். கூடைப்பந்தில் முடியாது. பாதிக் கோட்டைத் தாண்டிய பிறகு ஆள் தானாகப் பின்னால் நகர்ந்தால் பேக்கோர்ட் வயலேஷன், பந்து எதிரணிக்கு. வலது ஸ்டிக்கும் சரியில்லை. இந்த கேமில் பந்தைத் தட்டி ஆடும் ட்ரிப்ளிங் மூவ், ஷாட் இரண்டுமே அந்த ஸ்டிக்கில்தான், நேராகக் கீழே இழுத்தால் பக்கவாட்டில் போகிறது. ப்ரோ கன்ட்ரோலரில் ஏன் காட்டினான் என்று அப்போதுதான் முழுசாக விளங்கியது. சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்கள், சென்சார்கள் என்ற பகுதிக்குள் ஸ்டிக் கேலிப்ரேஷன் இருக்கிறது. அதைத் திறந்து ஸ்டிக்கைத் தொடாமல் வைத்தால் புள்ளி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். எங்களுடையதில் அது நிற்கவே இல்லை. ஒரு சர்வீஸ்காரரிடம் கொடுத்து, தேயாத ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போட்டு வாங்கியது தனிச் செலவு.

மெமரி கார்டு இன்னும் மோசம். ஸ்விட்சின் உள் நினைவகம் 32 ஜிபி, ஓஎல்இடி மாடலில் 64. 2கே வரிசைக்கு அது பத்தாது. 2017-இல் ஸ்விட்சுக்கு வந்த முதல் பதிப்பான 2கே18-இன் பெட்டியிலேயே மைக்ரோ எஸ்டி கார்டு கட்டாயம், நெட்டிலிருந்து கூடுதலாக இறக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். ஆகவே கார்டும் விலையில் ஒரு பகுதிதான். செட்டிங்ஸில் 512 என்றுதான் காட்டியது. கேமும் இறங்கியது. இன்னும் இரண்டு கேம் இறக்கியதும் டேட்டா கெட்டுவிட்டது என்று செய்தி, கேம் திறக்கவில்லை. அழித்து மறுபடி இறக்கினால் இன்னொன்று கெட்டுப்போகிறது. போலிக் கார்டு இப்படித்தான் வேலை செய்யும். உள்ளே இருப்பது சின்னச் சிப். ஆனால் தன்னைப் பெரியது என்று கன்சோலிடம் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். நிஜ அளவு நிரம்பும்வரை ஒரு குறையும் தெரியாது, அதன் பிறகு எழுதுவது எல்லாம் குப்பை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. கார்டு முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். எங்கள் கார்டில் 32 ஜிபிதான் நிஜம். பழைய கன்சோலோடு இலவசமாக வரும் பெரிய கார்டுக்கு மதிப்புப் போடாதீர்கள், நல்ல கடையில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நேராத ஆபத்து ஒன்றும் உண்டு, சர்வீஸ்காரர் சொன்னது. ஹேக் செய்து திருட்டு கேம் ஓட்டிய ஸ்விட்ச்களை நிண்டெண்டோ ஆன்லைன் சேவையிலிருந்து தடை செய்துவிடுகிறது. தடை கன்சோலின் மேல் விழுவது, ஆள் மாறினாலும் விலகாது. விற்பவன் முன்னாலேயே நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். 2124-4007 என்ற எண்ணோடு பிழை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நெட் இல்லை என்றால் நெட் இருக்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள், வர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டாக்கில் வைத்துக் காட்டினால் போதாது. ஜாய்கானை மாட்டிக் கையில் வாங்கி ஒரு குவார்ட்டராவது ஆடுங்கள்.

பணம் திரும்பவில்லை. பாதியாவது கொடு என்று கேட்டதற்கு, "பார்த்து செக் பண்ணித்தானே ப்ரோ வாங்கினீங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டான். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணை அழைத்தும், அதற்கான அரசு இணையதளத்திலும் புகார் பதிந்திருக்கிறேன். பில் எதுவும் கிடையாது. விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், யுபிஐ ரசீது, "நேத்து நைட் வரைக்கும் ஓடிச்சு" என்று அவனே அதற்குப் பிறகு டைப் செய்து அனுப்பிய சாட், இவைதான் கையில் இருக்கின்றன. நீங்களும் பேச்சை எல்லாம் போனிலேயே முடிக்காமல், எந்தப் பதிப்பு, எந்த மோட் ஓடும் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

போன வாரம் அதே மாதிரி ஒரு விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. பெயர் வேறு, நம்பர் வேறு, விலை 15,000. படத்தில் டாக்கின் இடது மூலையில் சிராய்ப்பு, பின்னால் நீலக் கட்டம் போட்ட போர்வை, எனக்கு அனுப்பிய அதே படம். இந்தத் தடவை 2கே22 கார்ட்ரிட்ஜாம், ஐந்து லட்சம் விசியாம்.