பாட்டே இல்லாத பாட்டு: ஒரு பழைய கொரிய சிடி

என் பெண் ஓயாமல் போடும் ஏஸ்பா (கொரியப் பெண்கள் பாட்டுக் குழு) பாட்டு ஒன்று 1995-ல் வந்த பழைய பாட்டின் மறுபதிப்பு என்று தெரிந்ததும் மூலத்தைத் தேடிப்பிடித்தேன். சோ தைஜி அண்ட் பாய்ஸ் குழுவின் நாலாவது ஆல்பம், பழைய சிடி. தபாலில் வரும்போதே மூடி விரிசல் விட்டிருந்தது. தாளில் சுற்றாமல் அனுப்பினால் வேறெப்படி வரும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் தேடிய மூலப் பாட்டான 'சிதே யூகாம்' வரும்போது சிடி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். டிரம்ஸ் இருக்கிறது, கிட்டார் இருக்கிறது, பாடுகிற குரலைக் காணோம். நேர்மையானவர்களின் காலம் போய்விட்டது என்கிற மாதிரி வரிகளை மாற்றச் சொன்னது தணிக்கைக் குழு. சோ தைஜி ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பாடியதை மொத்தமாக எடுத்துவிட்டு வெறும் இசையை வெளியிட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். 1996 ஜூனில் முன்தணிக்கையே ஒழிந்தது, வரிகளோடு பாட்டு தனியாக வந்தது. அந்த வெற்றிடத்தைக் கேட்கும்போது, பாடியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது என்று தோன்றியது.

'கம் பேக் ஹோம்' வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளைப் பற்றியது. தாளம் அமெரிக்க ராப் வாடை, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இவர்களுடைய முந்தைய ஆல்பத்தில் பள்ளிக்கூடத்தைத் திட்டும் பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் பேய் 'ரத்தம் போதவில்லை' என்று சொல்கிறதாம்! முன்னோக்கி ஓட்டினால் கேட்கும் திட்டு போதாதா?

பாட்டு வரிப் புத்தகம் முழுக்கக் கொரிய மொழி. நாலு நட்சத்திரம். ஒன்று குறைந்தது மூடிக்காக.